நீலச் சட்டைகளின் வட்டம்

இறுதியாட்டம் தொடங்கும் முன், பழக்கதோஷத்தில் ஜெசிந்தா எதிரணியின் வட்டத்துக்குள் நுழைந்து, அடுக்கிய கைகளின்மேல் தன் கையையும் வைத்துவிட்டாள். அவளுக்குப் பந்து பழக்கிய புயல் கிளப் அது. "காலேஜ் போறவ எங்க ஆடப்போறா" என்று கழற்றிவிட்டதும் அதேதான். இன்னமும் அந்த நீலச் சட்டையைக் கண்டால் அவள் நெஞ்சு இளகும். இன்று அந்தச் சட்டைக்கு எதிராகத்தான் கோல் போட்டாக வேண்டும்.

"அடியே, உன் மின்னல் டீம் அங்க நிக்குது!" என்றாள் கேப்டன் கௌசி. "எங்க மேல இன்னும் பாசமாக்கும்?"

"பாசம்தான்க்கா. ஆனா இன்னிக்கு உங்க வலை கிழியும்."

கடைசியாகக் கை வைத்தவள்தான் முழக்கமிட வேண்டும் என்பது புயலின் வழக்கம். ஜெசிந்தா கையை எடுக்காமல் அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "மின்னலுக்கு!"

நீலச் சட்டைகள் அத்தனையும் ஒரே குரலில், வாய்தவறி, "ஜே!" என்றன.