நாற்பதைத் தாண்டியவர்கள்

அப்பாவுக்கு இன்னும் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் சித்தப்பா ஐம்பது நாற்காலிக்கும் ஒரு பந்தலுக்கும் போனில் சொல்லி முடித்துவிட்டார்.

"அப்பா உயிரோட இருக்காரு சித்தப்பா," என்றாள் மகள்.

"இல்லேன்னு நான் சொன்னேனா? டாக்டர் நம்பரைச் சொல்லிட்டாரும்மா. கடைசி நேரத்துல அலைஞ்சா ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்காது. ஆபீஸ்லயும் நாலு நாள் லீவு சொல்லிட்டேன்."

தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டருக்கு நர்ஸுகள் வைத்திருந்த பெயர், ஜோசியர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது; கோபித்துக்கொண்டதில்லை. மூன்று வருடமாக அவர் சொல்லி ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதால், அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா படுத்திருந்தார். பெயின்டர். நகக்கண்ணில் வெள்ளை பெயின்ட் இன்னும் போகவில்லை. சாரத்திலிருந்து விழுந்து விலா எலும்பு நொறுங்கியதால், வாயில் குழாய் விட்டு வென்டிலேட்டரில் போட்டார்கள். மூச்சு கொடுத்த அதே குழாய் வழியாகக் கிருமியும் இறங்கியது. ஐந்தாம் நாள் நிமோனியா.

டாக்டர் அம்மா, மகள், சித்தப்பா மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நிஜமாகவே பொறுமையான மனிதர்.

"ரத்தத்துல ஒரு புரதம் இருக்கும்மா. நுரையீரல்ல கிருமி பெருகப் பெருக அது ஏறும். நாற்பதுக்குள்ள இருந்தா நாங்க கடைசிவரைக்கும் மல்லுக்கட்டுவோம். தாண்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. உங்கப்பாவுக்கு இன்னிக்குக் காலையில நாற்பத்தேழு."

"நேத்துலேருந்து காய்ச்சல் இல்லைன்னு நர்ஸம்மா சொன்னாங்களே சார்," என்றாள் அம்மா.

"காய்ச்சல் விட்டது நல்லதுதாம்மா. நம்பர் குறையலையே."

மூன்று பக்கப் படிவம் ஒன்றை மேஜையில் நகர்த்தினார். வென்டிலேட்டரை எடுத்துவிடச் சம்மதம். அம்மா அதைத் தொடக்கூட இல்லை. விரல் நுனியால் மகள் பக்கம் தள்ளினாள்.

"நீதான் படிச்சவ. நீயே பாத்துப் போடு."

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அதற்குக் கிடைத்த பரிசு, எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்து அவள் தலையில் விழுவதுதான். அவள் முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிற? கையெழுத்து எங்கேன்னு பாரு," என்றார் சித்தப்பா.

"நீங்க பந்தல்காரருக்குப் போன் பண்ணுங்க சித்தப்பா. நாற்காலி நீலமா சிவப்பான்னு சொல்லாம விட்டுட்டீங்க."

சித்தப்பா உண்மையிலேயே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்தாள். "இதுவரைக்கும் நாற்பதைத் தாண்டினவங்க எத்தனை பேரு டாக்டர்?"

டாக்டருக்குப் பிடித்த கேள்வி. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "முப்பத்தாறு."

"அதுல பொழைச்சவங்க?"

"ஒருத்தர்கூட இல்லம்மா." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அடுத்த வாக்கியத்தில் அது தானாக ஏறிக்கொண்டது. "மத்த ஆஸ்பத்திரியில இதே டெஸ்ட்டுக்கு நூத்துக்கு எழுபது, எண்பதுதான் சரியா வருது. எங்களுக்கு நூத்துக்கு நூறு. எங்க லேப் அவ்வளவு சுத்தம்."

"எத்தனை நாள்ல போனாங்க?"

"நாளெல்லாம் இல்லம்மா, ரிசல்ட் வந்த அன்னிக்கே. இதோ பாருங்க, பதினொண்ணரை, பன்னெண்டு, பன்னெண்டே கால். ஒருத்தர்கூட மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டினதில்லை."

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மகள் திரையில் இருந்த நேரங்களைத் திரும்பப் படித்தாள். முப்பத்தாறுக்கு முப்பத்தாறு. இதை எதிர்த்து எந்த வாயால் பேசுவது? அப்பாவை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது பாசமா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"கீழே ஒருத்தருக்குக் கையால பலூனை அமுக்கி மூச்சு குடுத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் டாக்டர் மெல்ல. "ஒரு மெஷின் காலியானா அவராவது பொழைப்பாரு."

அவள் பேனாவைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள். இரண்டாவது எழுத்துக்குப் போகவில்லை.

"ஒரு சந்தேகம் டாக்டர்."

"கேளும்மா, எத்தனை வேணாலும் கேளு."

"இந்த முப்பத்தாறு பேருல யாருக்காவது மெஷினை எடுக்காம விட்டீங்களா?"

சித்தப்பா போனைக் காதிலிருந்து இறக்கினார். அம்மா டாக்டரைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் முறையாக டாக்டருக்கு ஒரு கேள்வி புரியவில்லை.

"எதுக்கும்மா விடணும்? அதான் நம்பர் வந்துடுச்சே!"