ஒரு நாழித் தவிடு

பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினால், வாங்கின அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தென்காசிப் பக்கம் அதுதான் வழக்கம். மூத்த பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததை ஒருத்தி தவிடு கொடுத்து வாங்குவாள். பெற்றவள் அதே தவிட்டைக் கொடுத்து மீட்டுக்கொள்வாள். கண்டம் அத்தோடு கழிந்தது.

சொக்கம்மாள் வாங்கி மாசக் கணக்காகிறது. இன்னும் கொடுத்தபாடில்லை.

எதிர்வீட்டு முத்துவடிவுக்கு வயிறு எரிந்தது. தனக்குப் பிள்ளை இல்லை என்றால் இப்படியா? அதுவும் யார் பிள்ளை? எண்பத்து நாலில் இலங்கையிலிருந்து படகேறி உயிர் தப்பி வந்து, குற்றாலம் ரோட்டு அகதி முகாமில் கிடக்கிற தவமலர் பிள்ளை.

தவமலரின் மூத்தது காய்ச்சல் கண்டு படகிலேயே, அவள் மடியிலேயே போய்விட்டது. இங்கே வந்து இரண்டாவது பிறந்தபோது அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கை பட்டால் இதுவும் போய்விடும் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். முகாமுக்குப் பால் ஊற்றப் போன சொக்கம்மாள்தான், மாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு நாழி அளந்து கொடுத்துப் பிள்ளையைத் தூக்கி வந்தாள்.

அன்றைக்கு முத்துவடிவும் மெச்சத்தான் செய்தாள். பிறகு நடந்ததுதான் அநியாயம். பெற்றவளையே கூலிக்காரி மாதிரி வேளாவேளைக்கு வரச்சொல்லி, என் பிள்ளைக்கு மாட்டுப்பால் சேரவில்லை, நீ பால் கொடுத்துவிட்டுப் போ என்கிறாள். போதாததற்கு வாசற்படியில் எந்நேரமும் ஒரு நாழி நிறையத் தவிடு. விலைக்கு வாங்கியதை ஊருக்குக் காட்டுகிறாளாம். மாடு கத்தினாலும் அதை எடுப்பதில்லை.

தவமலரும் வாயில்லாப் பூச்சி. பால் கொடுத்ததும் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு முகம் பார்க்காமல் போய்விடுவாள். கொஞ்ச நாளாகத்தான், வாசல் தாண்டும்போது ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாள்.

ஆடிச் சாரல் விழுந்த ஒரு காலையில் முத்துவடிவு நேரே உள்ளே போய்க் கேட்டேவிட்டாள். தவமலர் அப்போது மூலையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மைனி, பெத்தவ கையில பிள்ளையக் குடுத்திருங்க. ஊரே காறித் துப்புது."

"துப்பட்டும். நான் குடுக்க மாட்டேன்" என்றாள் சொக்கம்மாள். "வார வெள்ளிக்கிழமை மொட்டை போட்டு எங்க அய்யா பேரை வைக்கப் போறேன். ஆவுடைநாயகம்."

தவமலர் நிமிர்ந்தாள். பிள்ளையைப் பாயில் கிடத்தவில்லை.

"பேர் வைக்க நீங்கள் ஆர்?"

"விலைக்கு வாங்கினவ."

தவமலர் பிள்ளையை மார்போடு அணைத்தபடி எழுந்து வாசலுக்கு வந்தாள். படியிலிருந்த நாழியை எடுத்துச் சொக்கம்மாள் காலடியில் கவிழ்த்தாள்.

"இந்தாங்கோ உங்கட தவிடு. இவன் என்ட பிள்ளை. நான்தான் பேர் வைப்பன். ஏலுமெண்டால் பறிச்சுப் பாருங்கோ."

பிள்ளையின் தலைக்கு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, சாரலில் இறங்கி முகாமைப் பார்த்து நடந்தாள்.

முத்துவடிவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. நல்லா வேணும் என்று சொல்ல வாயெடுத்துத் திரும்பினாள். சொக்கம்மாள் குத்தவைத்துத் தவிட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணீர் பாட்டுக்குக் கொட்டுகிறது, முகம் என்னவோ சிரிக்கிறது.

"அவளா வாயத் தொறந்து கேக்கட்டும்னுதாம்ட்டி இந்த நாழிய தெனமும் நெறச்சு வாசல்ல வச்சேன்" என்றாள். "எங்க, கேக்காமலே போயிருவாளோன்னு பயந்துக்கிட்டே கெடந்தேன்."