கைய விட்டேனுங்க

மேசைக்கு அந்தப் பக்கம் கிளப்பின் செயலாளர் தேவசகாயம். அவருக்கு வலப்புறம், கணப்படுப்பை ஒட்டி, மேற்பார்வையாளர் நஞ்சுண்டன். இந்தப் பக்கம் முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலியில் தோட்டக்காரர் ராயப்பன். சுவரோரம், குறிப்பேட்டுடன் கிளப்பின் எழுத்தர், அவள்.

வாசலில் புல்வெட்டும் இயந்திரம்.

கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள்.

ராயப்பனின் வலக்கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. கட்டுக்குள் மூன்று விரல்கள்தான் மிச்சம் இருந்தன.

"என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லுப்பா," என்றார் செயலாளர்.

"சரிவுல தள்ளிட்டு ஏறுனேனுங்க. மழை பேஞ்ச புல்லுங்க. காலு வழுக்கிருச்சுங்க. கைய விட்டேனுங்க. நிக்கலீங்க. எம்மேலயே உருண்டு வந்துருச்சுங்க."

"கைய விட்டியா?"

"விட்டேனுங்க."

செயலாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கம்மா. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்குள் கையை விட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்."

அவள் பேனா நின்றது.

அந்த இயந்திரத்தை அவளுக்குத் தெரியும். அவள் ஜன்னலுக்கு வெளியேதான் புல்வெளி. கைப்பிடியை ஒட்டி ஓர் இரும்புப் பட்டை. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும்வரை இயந்திரம் ஓடும். விட்டால் நின்றுவிடும்.

வழுக்கி விழுகிறவனுக்காகவே வைத்த ஏற்பாடு.

நின்றால் மறுபடி கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். போன மாதம் புல்வெளியில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டு நாள் முன்னதாக நஞ்சுண்டன் அந்தப் பட்டையைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கினார்.

"நின்னு நின்னு கயிறு இழுத்தா வரவேற்புக்கு இல்லப்பா, அந்தப் பொண்ணு வளைகாப்புக்குத்தான் புல்லு ரெடியாகும்."

ராயப்பன் சிரித்தார். ஜன்னலுக்கு உள்ளே அவளும் சிரித்தாள்.

மறுநாள் மழையில் விரல்கள் போயின.

இன்று பட்டையில் கம்பி இல்லை.

"சார், அவர் கைப்பிடிய விட்டதைச் சொல்றாருங்க."

"கை கைதானம்மா. பிடி எங்கேருந்து வந்துச்சு? நீ எழுதறதுக்கு உக்காந்திருக்கியா, வாதாடவா?"

"ஓடற மெஷினுக்குள்ள கைய விட அது என்ன ஊறுகாய் ஜாடியா?" என்றார் நஞ்சுண்டன்.

செயலாளருக்குச் சிரிப்பு வந்தது.

ராயப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஆமாங்க அம்மணி, கையத்தானுங்க விட்டேன்," என்றார். அவளுக்கு உதவி செய்கிற குரலில்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று பதிவானால் திங்கட்கிழமை முதல் அவருக்கு வேலை கிடையாது. செயலாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சொன்னபடி எழுதிக் கொடுத்தாள்.

கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர். அவருடைய இடது கட்டைவிரலில் மை தடவினார்கள். ஒற்றி எடுத்தபின் அதைத் துடைக்க அவருக்கு இன்னொரு கை இல்லை.

அவள்தான் துடைத்துவிட்டாள்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தாளின் இடப்புறம் அளவுகோல் வைத்து ஓரக்கோடு போட்டாள். அனுப்புநர். பெறுநர், தொழிலாளர் ஆய்வாளர். பொருள்: விபத்து அறிக்கையில் மூன்று எழுத்துகள் இல்லாதது குறித்து.

ஐயா,

1. ராயப்பன் விட்டது கைப்பிடியை. அறிக்கையில் இருப்பது கையை. நடுவில் ப், பி, டி இல்லை. அவை தவறி விழவில்லை. நான் எடுத்துச் சொன்ன பிறகும் வேண்டாம் என்றார்கள்.

2. விட்டதும் நிற்க வேண்டிய இயந்திரம் நிற்கவில்லை. காரணம், மேற்பார்வையாளர் கட்டிய கம்பி. இப்போது அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் பட்டையில் இரண்டு இடத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. நேரில் வந்து பாருங்கள்.

3. ஈரப்புல்லில் ஓட்டக் கூடாது, சரிவில் மேலும் கீழுமாகத் தள்ளாமல் குறுக்காகத் தள்ள வேண்டும் என்று இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறது. புத்தகம் செயலாளரின் பூட்டிய அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ராயப்பனுக்கு நன்றாகவே படிக்க வரும். அவரிடம் அதை ஒருவரும் காட்டவில்லை.

4. கம்பியைக் கட்டியபோது நான் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன்.

நான்காவதை அடித்தாள்.

அடித்தல் திருத்தல் உள்ள கடிதம் அவளுக்கு ஆகாது. புதுத் தாள் எடுத்தாள். மறுபடி ஓரக்கோடு. முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதினாள்.

நான்காவதையும்.

தபால் நிலையத்தில் நின்றபடியே உறையின் மடிப்பில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தினாள்.

"ஒப்புகை அட்டை வேணுங்களா?" என்றார் முகப்பில் இருந்தவர்.

"வேணுங்க."

"கடிதம் போய்ச் சேர்ந்ததும் அட்டை உங்களுக்குத் திரும்பி வரும். எந்த விலாசத்துக்கு வரணும்னு எழுதுங்க. வீடா, ஆபீசா?"

கிளப்புக்கு வரும் தபாலை முதலில் எடுத்துப் பார்ப்பவர் செயலாளர்.

அட்டையில் தன் பெயரை எழுதினாள். இனிஷியலோடு, தெளிவாக.

அதன் கீழே கிளப்பின் விலாசம்.

முகப்பில் இருந்தவர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். உறையைச் சாக்குப் பைக்குள் போட்டார்.