பொருந்தாத சங்கிலி

“இதுவும் சேரலையா? என்ன, விளையாடுறீங்களா?”

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே நின்றவர், மரம் வெட்டும் மெஷின் ரம்பத்துக்காக வாங்கிப் போன சங்கிலியை மறுபடியும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இது மூன்றாவது தடவை.

“முதல்ல வாங்கினது தொளதொளன்னு தொங்குதுன்னீங்க. அடுத்தது சங்கிலி ஓடுற பட்டை, அந்த ‘பார்’ இருக்கே, அதோட காடிக்குள்ள இறங்கலைன்னீங்க. இதுக்கு என்ன வியாதி?”

“இது... கொஞ்சம் குட்டைண்ணே.”

“நீளம், தடிமன், கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, மூணும் சேரணும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! பழைய சங்கிலியைக் கொண்டாங்கன்னேன், தூக்கிப் போட்டுட்டேன்னீங்க. பாரைப் போட்டோ எடுத்துட்டு வாங்கன்னேன், உங்க கட்டைவிரலை எடுத்துட்டு வந்து காட்டுனீங்க. மரம் வெட்டுறது நீங்கதானா?”

“இல்லண்ணே. மேலே ஏறி வெட்டுறது எங்க மேஸ்திரி. நான் கீழே நின்னு கயிறு பிடிக்கிற ஆளு.”

“நல்ல ஆளாப் பார்த்துத்தான் கடைக்கு அனுப்பியிருக்காரு!”

“அவங்களும் அதையே சொல்லித்தான் திட்டுறாங்க.”

“ரம்பத்தையாவது கொண்டு வந்தீங்களா, இல்ல அதையும் தூக்கிப் போட்டாச்சா?”

வந்தவர் வேண்டாவெறுப்பாகக் காலடியில் கிடந்த சாக்கை அவிழ்த்தார். மேஸ்திரியே கட்டிக் கொடுத்து அனுப்பியதாம்.

கடைக்காரர் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்ததும் பாரின் மேல் பொறித்திருந்த எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

“கல்வெட்டு மாதிரி எழுதி வெச்சிருக்கான்யா! இதைப் படிக்க வெளியூர்லேர்ந்தா ஆள் வரணும்?”

சுவரில் தொங்கியவற்றுள் ஒரு சங்கிலியை உருவினார். கையுறையை மாட்டிக்கொண்டு ரம்பத்தின் பக்க மூடியைத் திறந்தார். வெட்டும் பற்கள் மேல்பக்கத்தில் நுனியைப் பார்த்து நிற்கும்படி பிடித்து, சங்கிலியைப் பல்சக்கரத்தில் கோத்துக் காடிக்குள் இறக்கினார். மூடியை மாட்டித் திருகாணியைத் திருகினார். இழுத்துப் பார்த்தார். தொய்வும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது.

“அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி உட்கார்ந்திருக்கு பாருங்க!”

வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணே... இதுவும் சேராதுன்னு சொல்லிடலாமா?”

“என்னது?”

“இல்ல... கடையில ஸ்டாக்கே இல்லைன்னாவது...”

கடைக்காரருக்குச் சுர்ரென்று கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

“யோவ்! கயிறு பிடிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டா என்னை இப்படி அலைக்கழிச்சே? உயிரைக் கொடுத்து மரமேறுற ஆளோட பிழைப்புல மண்ணள்ளிப் போடப் பார்க்கிறியே! வரட்டும் உங்க மேஸ்திரி, நானே புட்டுப்புட்டு வைக்கிறேன்!”

வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

“வந்துட்டாங்க” என்றார் வந்தவர்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடி, மேடிட்ட வயிற்றை மறு கையால் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க இறங்கிக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

“என் பொண்டாட்டிண்ணே. எட்டு மாசம். படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாங்க. ஒத்துக்கிட்ட மரத்தை வெட்டிட்டுத்தான் படுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. சங்கிலி கிடைச்சா நாளைக்கே மேலே ஏறிடுவா.”

கடைக்காரர் மளமளவென்று மூடியைக் கழற்றி, சங்கிலியை உருவி இழுப்பறைக்குள் தள்ளினார்.

“என்னண்ணே, இன்னைக்காவது என் ரம்பத்துக்குச் சங்கிலி கிடைச்சுதா?” என்று கேட்டபடியே படியேறினாள் மேஸ்திரி.

“அதை ஏம்மா கேக்கறீங்க! உங்க ஆளு அலைஞ்சதுதான் மிச்சம். இந்த அளவு ஊர்லயே எங்கேயும் இல்ல. வர எப்படியும் மூணு மாசம் ஆகும்!”