பொருத்தமான மாப்பிள்ளை

"தின்னுட்டு கக்கூஸ் போறதைத் தவிர மாப்பிள்ளைக்கு வேற என்ன தெரியும்?" என்று வீட்டோடு மாப்பிள்ளையைப் பத்து வருடமாக வறுத்தெடுத்த மாமனார், மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தார்.

சொந்தத்தில் யாராவது கொடுத்தால் பிழைப்பாராம். ரத்தம் முதல் எல்லாவற்றையும் சோதித்ததில் இரண்டு மகன்களும் தேறவில்லை. நர்ஸ் வந்து, "உங்க மாப்பிள்ளைதான் கொடுக்க முடியும். டாக்டர் கூப்பிடுறார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க."

"விடுங்க அத்தை. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு."

மனைவி விசும்பினாள். "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"உங்கப்பா உடம்புக்குள்ள நான் இருப்பேன்ல. அப்புறம் எப்படித் திட்டுவார்?"

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனார். "எந்தப் பக்கத்துக் கிட்னி, டாக்டர்?"

"கிட்னியை யாரு கேட்டா? உங்க மாமனார் இஷ்டத்துக்கு முழுங்கின ஆன்டிபயாட்டிக், குடல்ல இருந்த நல்ல கிருமியையெல்லாம் கொன்னுடுச்சு. கெட்டதுங்க பட்டா போட்டு உக்காந்துடுச்சு. அதான் பேதி நிக்கல. உங்க குடல்ல நல்ல கிருமி எக்கச்சக்கம். அதை அங்க குடியேத்தணும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

டாக்டர் மூடி போட்ட டப்பா ஒன்றை நீட்டினார். "ராத்திரி நல்லா சாப்பிடுங்க. காலையில கக்கூஸ் போறப்ப இதுல பிடிச்சுக் கொடுங்க. சுத்தம் பண்ணி, குழாய் வழியா உள்ள விட்டுடுவோம்."

மாப்பிள்ளை டப்பாவோடு மாமனாரின் கட்டிலருகே வந்து நின்றார்.

"எனக்குத் தெரிஞ்ச வேலையாப் பாத்துதான் கொடுத்திருக்காங்க, மாமா."