நீல ஒயர்

மெயினை அணைத்திருப்பதால் அறைக்குள் டார்ச் வெளிச்சம் மட்டுந்தான். ஹீட்டரை இயக்கும் பழைய தெர்மோஸ்டாட் காலையில் செத்துப்போனதிலிருந்து வீடு பனிக்கட்டியாய்க் கிடக்கிறது. பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. மருமகள் கோட்டோடு சுவரருகே நின்று, விறைத்த விரல்களால் ஒவ்வொரு ஒயராகப் புதியதில் சொருகித் திருகுகிறாள். டார்ச் பிடித்திருப்பவர் மாமனார். அவருடைய மறுகையில், சால்வைக்குள், குறைமாதத்தில் பிறந்து நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேத்தி. குழந்தையின் மூக்குநுனி ஜில்லென்றிருக்கிறது; டார்ச் பிடித்த கையாலேயே சால்வையை இன்னும் இழுத்து மூடுகிறார். “இதுக்கு அஞ்சு ஒயர் வேணும் மாமா. நாலுதான் இருக்கு.” “ஆளக் கூப்பிட்டுடலாமா அம்மாடி?” “நாளைக்குத்தான் வருவாங்களாம். கீழ ஹீட்டர்ல நீலமா ஒண்ணு மாட்டியிருந்துச்சே, மேல அது எங்க போச்சு?” சுவர்த் துளைக்குள் விரலை விட்டுத் துழாவுகிறாள். மூச்சை அடக்குகிறாள். பிறகு, யாரோ எப்போதோ வேண்டாமென்று சுருட்டி உள்ளே தள்ளிய நீல ஒயர் மெதுவாக வெளியே வருகிறது. அதையும் மாட்டிவிட்டு ஓடிப்போய் மெயினைப் போடுகிறாள். புதிய தெர்மோஸ்டாட்டில் ஒரு வெளிச்ச வட்டம் சுழல்கிறது, சுழன்றுகொண்டே இருக்கிறது. திடீரென்று தரைக்கடியில் ஹீட்டர் உறுமுகிறது. தரையில் சூடு வருவதற்காகப் பதித்த சல்லடை வழியாக முதலில் தூசி கருகும் வாசனை, பின்னாலேயே இளஞ்சூடு. “அப்பாடா!” என்று மாமனார் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்கிறார். “உம் பொண்ணு என் சட்டைய நனைச்சிட்டா. இவ்வளவு நேரம் இந்த வீட்டுல சூடா இருந்தது அது ஒண்ணுதான்.” அவள் சிரிக்கிறாள், சிரிப்பு அடங்காமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். சால்வையை விலக்கிக்கொண்டு குட்டிக் கை ஒன்று வெளியே நீள்கிறது. அவர் அதை இழுத்து மூடவில்லை.