துருத்திக்கு வந்த துணை

ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிற்றூரை அடுத்த சரிவில் மேய்ந்த வெள்ளாடு ஒன்று கால் இடறி ஒரு கல்லைப் புரட்டியது. கல்லுக்கு அடியில் செம்பு மின்னியது. அந்தச் சிற்றூருக்குச் சுரங்கம் வந்தது, நீர்ச்சக்கரம் வந்தது, செம்பு உருக்கும் உலையும் வந்தது. புல் மட்டும் போனது.

பசித்த வெள்ளாடு உலைக்களத்துக்குப் போனது. நீர்ச்சக்கரம் சுற்றச் சுற்ற, அங்கே ஒரு தோல் துருத்தி உலைக்குக் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

"இந்த ஊர் இப்படி ஆனதே என்னால்தான். ஒரு மரியாதை உண்டா எனக்கு?" என்றது ஆடு.

"நானும் ஆடாக இருந்தவன்தான் அண்ணே," என்றது துருத்தி. "தயவுசெய்து ஓடிப்போயிடுங்க. இங்கே இன்னொரு துருத்தி வேணுமாம்."

"ஓகோ, இடம் காலியா இருக்கா? அதை நான் பிடிச்சிடுவேன்னு உனக்குப் பொறாமை!"

ஆடு தலையை நிமிர்த்திக்கொண்டு உலைக்காரன் முன்னால் போய் நின்றது. அவன் அதன் முதுகைத் தடவினான்.

"அருமையான தோல்," என்றான்.

"கேட்டியாடா?" என்று துருத்தியைப் பார்த்துச் சிரித்தது ஆடு.

இப்போது இரண்டு துருத்திகள் மாறி மாறி ஊதுகின்றன. பழையதற்குத்தான் நிம்மதி போயிற்று. புதியது ஒவ்வொரு மூச்சுக்கும், "முதலாளி எப்போடா வந்து மாலை போடுவார்?" என்று கேட்கிறது.